பழைய வன்தட்டைக் கைமாற்றும் முன்



தமிழ் கற்பித்தவருக்குக் கணினியில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பயன்பாடு முடிந்த கணினி இன்று பல இல்லங்களில் பரண்மேல் கிடக்கிறது. அதைப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கவோ, பழைய பொருள் வாங்குவோரிடம் போடவோ நினைக்கிறோம். எண்ணம் நன்றே. ஆயினும் அதனுள் இருக்கும் வன்தட்டை, ஹார்டு டிஸ்க் என நாம் வழங்குவதை, ஆராயாமல் கொடுத்தல் தகாது.

சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்னும் எம்.ஐ.டி. ஆய்வாளர் இருவர் அமெரிக்காவில் 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். உள்ளடக்கத்தைப் படிக்க முடிந்தவை 129; அவற்றுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே! கடன் அட்டை எண்கள், மருத்துவக் குறிப்புகள், காதல் கடிதங்கள் எல்லாம் பிறவற்றில் இருந்தன. ஒரு தட்டு ஏ.டி.எம். இயந்திரத்திலிருந்து வந்தது; ஓராண்டுக் கணக்கு அதில் அப்படியே இருந்தது.

காரணம் எளிது. வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டால் மாணவன் வகுப்பை விட்டுப் போய்விடுவானா? கணினியில் நாம் ‘அழித்தல்’ என்பது அவ்வளவே. பெயர் நீங்கும், செய்தி இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் வேண்டிய படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். பின்னர்த் தட்டின் உடல்நலம் பாருங்கள். ஒவ்வொரு வன்தட்டும் ‘ஸ்மார்ட்’ என்னும் குறிப்பேட்டைத் தானே எழுதி வருகிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைவிட, பழுதுபட்டு மாற்றிடம் பெற்ற பகுதிகள் எத்தனை, படிக்க இயலாமல் காத்திருப்பவை எத்தனை என்னும் இரண்டு எண்களே முக்கியம். இரண்டும் சுழியமாக இருத்தல் நலம்.

அடுத்தது, தட்டு முழுவதும் சுழியம் எழுதுதல். விண்டோஸில் டிஸ்க்பார்ட் கருவியின் ‘கிளீன் ஆல்’ கட்டளை இதைச் செய்யும். வேறு தட்டைத் தேர்ந்துவிட்டால் அதுவும் போய்விடும். ஆகவே விவரம் அறிந்த இளையோரை அருகில் வைத்துக்கொள்க. 1 டெராபைட் தட்டுக்குச் சில மணி நேரம் ஆகும். இதில் ஓர் அருமை உண்டு: துடைப்பதும் சோதிப்பதும் ஒரே வேலையாகி விடுகின்றன. ஒவ்வோர் இடத்திலும் எழுதிப் பார்ப்பதால் மறைந்திருந்த பழுதும் வெளிப்படும். முடிந்ததும் அவ்விரு எண்களை மீண்டும் பாருங்கள். ஏறியிருந்தால் அந்தத் தட்டை எவருக்கும் கொடுக்காதீர்கள். விரைவில் செயலிழக்கக்கூடும் என்பது ஒன்று. ஒதுக்கப்பட்ட பழுதான பகுதியைச் சுழியம் எட்டாது, அங்கே பழைய செய்தி தங்கியிருக்கலாம் என்பது மற்றொன்று.

சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி.க்கு இம்முறை போதாது. எழுதும் இடத்தை அது தானே மாற்றிக்கொண்டே இருக்கும். அதற்குரிய ‘செக்யூர் இரேஸ்’ கட்டளையையே பயன்படுத்த வேண்டும்.

தேறாத தட்டைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்க்கலாம். அதிலுள்ள அலுமினியமும் நியோடிமியம் காந்தமும் வீணாகா. கொடுக்குமுன் வீட்டிலேயே உடைத்துவிட எண்ணுவோர் கவனிக்க: மடிக்கணினித் தட்டுகள் பல கண்ணாடியால் ஆனவை. சுத்தியல் பட்டால் சில்லு தெறிக்கும். கண்காப்பின்றி அவ்வேலை வேண்டா.