வண்டியில் உட்கார்ந்தால் வளர்ப்பு கெட்டுவிடுமா?

(பட்டிமன்றத் தலைப்பு: 'சுற்றுலாவில் வளர்ந்த பிள்ளையையும் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவது செல்லமா? அக்கறையா?' – 'அக்கறையே' என்ற அணியில் பேசியது.)

    

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு கேள்வி கேட்டார். "ஏழு வயசுப் பையனை வண்டியில வச்சுத் தள்ளுறாங்களே, நாளைக்கு அவன் கல்யாணத்துக்கும் வண்டியிலதான் வருவானா?" நீங்களும் நல்லா கைதட்டுனீங்க. தம்பி, உங்க கல்யாணத்துக்கு நீங்க நடந்தா வந்தீங்க? மாப்பிள்ளை அழைப்புன்னு ஜோடிச்ச கார்ல உட்கார வச்சுத்தானே கூட்டிட்டு வந்தாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அன்னைக்கு உட்கார்ந்தவர்தாம்மா, அப்புறம் உட்காரவே நேரமில்லாம ஓடிக்கிட்டு இருக்கார்! (பலத்த சிரிப்பு)

ஐயா, தள்ளுவண்டின்னா நம்ம ஊர்ல இட்லிக்கடையும் வாழைப்பழமும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்றது பிள்ளையை உட்கார வைக்கிற ஸ்ட்ரோலர். மடக்கித் தூக்கிட்டுப் போற மாதிரி அதைச் செய்தவர் யார்? ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்த பொறியாளர். பேத்தியைக் கனமான வண்டியில் வைத்து மகள் சிரமப்படுவதைப் பார்த்து, 1965-இல் குடை மாதிரி மடக்கக்கூடிய வண்டியை வடிவமைத்தார். ஒரு தாத்தா அக்கறையில் செய்த வண்டி அது. அந்த வண்டியைக் குறை சொன்ன பாட்டி ஒருத்தி உண்டு. அது யாருன்னா, உங்க முன்னால நிக்கிற நான்தான்!

என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். பேரன் ஆறு மாசமா, "அம்மாச்சி, நீ வந்ததும் டிஸ்னி வேர்ல்டு போறோம், ராத்திரி கோட்டைக்கு முன்னால வாணவேடிக்கை பார்க்கிறோம்"னு போன்ல சொல்லிக்கிட்டே இருந்தான். போனோம். வாசல்லயே மாப்பிள்ளை ஒரு வண்டியை விரிச்சார். கைக்குழந்தை எதுவும் கிடையாது. சரி, பையெல்லாம் வைக்கத்தான் போலன்னு நினைச்சேன். பார்த்தா, என் பேரன் ஏறி உட்கார்ந்துட்டான். வயசு ஏழு!

எனக்குப் பொறுக்கலை. "ஏன்டா, ரெண்டாங்கிளாஸ் படிக்கிறவன் பச்சைப்பிள்ளை மாதிரி வண்டியிலயா வருவே? பார்க்கிறவங்க சிரிக்கப் போறாங்க"ன்னுட்டேன். பிள்ளை ஒரு வார்த்தை பேசலை, ஐயா. மெல்ல இறங்கினான். மகள் மட்டும், "வேணாம்மா, ரொம்ப தூரம்"னு சொன்னா. "நாங்கள்லாம் நடக்கலையா?"ன்னு கேட்டேன். மாப்பிள்ளை வண்டியைத் திரும்ப மடக்கிக் காரில் வச்சுட்டு வந்தார்.

அவையோரே, அது எப்பேர்ப்பட்ட இடம்? ஃபுளோரிடாவில் 1971 அக்டோபர் முதல் தேதி ஒரே ஒரு பூங்காவோடு திறந்தார்கள். இன்றைக்கு நான்கு பெரிய பூங்காக்கள், இரண்டு நீர்ப்பூங்காக்கள். எப்காட் என்ற பூங்காவில் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள். அந்த ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினாலே இரண்டு கிலோமீட்டர் பக்கம் வரும். இது போக வரிசையில் நிற்கிற நேரம். கோடைக்காலத்தில் நம்ம ஊர் மாதிரியே வெயிலும் புழுக்கமும். சாயங்காலமானால் இடி மழை. அன்றைக்கு ராத்திரி மாப்பிள்ளையின் கைக்கடிகாரம் காட்டியது பதினாலு கிலோமீட்டர். நாம ரெண்டு எட்டு வச்சா, பிள்ளை மூணு எட்டு வைக்கணுமே!

மத்தியானம் வரைக்கும் ஓடினான். மூணு மணிக்கு நடை தளர்ந்தது. நாலு மணிக்கு, "கால் வலிக்குதா கண்ணு?"ன்னு கேட்டேன். "இல்லை அம்மாச்சி, நான் பெரிய பையன்"னு சொன்னான். அஞ்சு மணிக்குத் தரையில உட்கார்ந்து அழ ஆரம்பிச்சுட்டான். அவன் அழ, மாப்பிள்ளை அவனைத் திட்ட, மகள் மாப்பிள்ளையைத் திட்ட... மூணு பேருக்கும் காரணமான நான் மட்டும் ஒண்ணும் தெரியாதவ மாதிரி நின்னேன். (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. அதுக்கப்புறம் நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. ராத்திரி வாணவேடிக்கை ஆரம்பிச்சது. கோட்டை முழுக்க வெளிச்சம். வானத்துல பூப் பூவா விரியுது. ஆயிரக்கணக்கான பேர் அண்ணாந்து பார்க்கிறாங்க. எதுக்காக ஆறு மாசம் நாள் எண்ணினானோ, அது கண் முன்னால நடக்குது. என் பேரன் அப்பா தோள்ல வாயைத் திறந்து தூங்குறான். அத்தனை வெடிச் சத்தத்துக்கும் கண் திறக்கலை. காலையில எழுந்து முதல் கேள்வி: "வாணவேடிக்கை போட்டாங்களா அம்மாச்சி?" நான் என்ன பதில் சொல்ல?

எதிரணி நண்பர்களே, அன்றைக்கு நான் கொடுத்தது ஒழுக்கப் பாடமா? பிள்ளை கற்றுக்கொண்டது என்ன? கால் வலித்தால் வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் சிரிப்பார்கள் என்பதைத்தானே!

"நடக்கப் பழகணும்" என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு நடக்கட்டும், மைதானத்தில் ஓடட்டும், வருஷம் முழுக்க ஆடட்டும். ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை பன்னிரண்டு மணி நேரம் நடப்பது பயிற்சியா, தண்டனையா? அந்தப் பூங்காக்காரர்களே வாடகைக்குத் தரும் ஒற்றை வண்டியை ஐம்பது பவுண்டு, அதாவது 22 கிலோவுக்கும் சற்று அதிகமான எடை வரைக்கும் பயன்படுத்தலாம் என்கிறார்கள். ஆறு, ஏழு வயசுப் பிள்ளைகள் பலருடைய எடை அதுதானே! வளர்ந்த பிள்ளையும் உட்காரும் என்பது வண்டி தருகிறவருக்குத் தெரிகிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

"கூட்டத்தில் இடைஞ்சல்" என்றார் இன்னொரு தம்பி. நியாயமான பேச்சு. அதனால்தான் 2019 மே மாதத்திலிருந்து 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேல் போகும் வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. பொதுவாக வரிசைக்குள்ளும் கொண்டுபோக முடியாது. வெளியே அதற்கென்று உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும். அடுத்தவர் குதிகாலில் இடிக்காமல் தள்ள வேண்டியது நம் பொறுப்பு. தள்ளுகிறவர் மேல் தப்பு இருந்தால் அவரைச் சொல்லுங்கள், உட்கார்ந்திருக்கிற பிள்ளையைச் சொல்லாதீர்கள்!

இன்னொன்று. இருதயக் கோளாறு, மூட்டுவலி, ஆட்டிசம்... இதெல்லாம் பிள்ளையின் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்குமா? அப்படித் தேவையுள்ள பிள்ளைகளின் வண்டியைச் சக்கர நாற்காலியாகவே மதித்து, அங்கே ஓர் அடையாளச் சீட்டுக் கட்டிக் கொடுக்கிறார்கள். அதை வரிசைக்குள்ளும் கொண்டுபோகலாம். நமக்கோ சீட்டைப் பார்க்கிற பொறுமை கிடையாது. பிள்ளையின் உயரத்தைப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

நடுவர்: இங்கே நானே கடைசியிலதாம்மா சொல்லணும், நீங்க முதல்லயே சொல்லிட்டீங்க! (சிரிப்பு)

நான் மதுரைக்காரி, ஐயா. அழகர் ஆற்றில் இறங்கும்போது ஏழு வயசிலும் நான் என் அப்பா தோளில் உட்கார்ந்துதான் பார்த்தேன். "இவ்வளவு பெரிய பெண்ணைத் தூக்கிட்டு வர்றியே"ன்னு அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் கேட்டதில்லை. பிள்ளைக்கு சாமி தெரியணும், கால் நோகக் கூடாது, கூட்டத்தில் தொலைந்து போகக் கூடாது. அதுதானே அப்பாவுடைய எண்ணம்? அந்தத் தோளுக்குப் பெயர் செல்லம் என்றால், இந்த வண்டிக்கும் செல்லம் என்று பெயர் வையுங்கள். அந்தத் தோள் அக்கறை என்றால், இதுவும் அக்கறைதான்! (பலத்த கைதட்டல்)

மறுநாள் நானே வண்டியை விரிச்சேன். "ஏறிக்கோ கண்ணு"ன்னேன். அவன் சுத்தும் முத்தும் பார்த்துட்டு, "யாரும் சிரிக்க மாட்டாங்களா அம்மாச்சி?"ன்னு கேட்டான். "சிரிச்சா நான் பார்த்துக்கிறேன்"னு சொன்னேன். அன்றைக்கு நாள் முழுக்க நான்தான் தள்ளினேன். கைப்பிடியைப் பிடிச்சு நடந்ததால என் முழங்கால் வலியும் குறைஞ்சது! (சிரிப்பு) ராத்திரி வாணவேடிக்கைக்கு அவன் முழிச்சிருந்தான். வெடி மேல போனதும் எழுந்து நின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டான். நான் வானத்தைச் சரியாப் பார்க்கலை, ஐயா. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

எனவே, பிள்ளையின் வயதைப் பார்க்காமல் அதன் கால் வலியைப் பார்த்து, வளர்ந்த பிள்ளைக்குத் தள்ளுவண்டி அக்கறையே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (நீண்ட கைதட்டல்)