காட்சிகளின் அந்தாதி



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தில் கணிப்பொறிப் படத்தொகுப்பைப் பற்றிப் பேச வந்தவனை நீங்கள் ஐயத்தோடு நோக்கினால் அதில் வியப்பில்லை. ஆயினும் உங்கள் தொழிலுக்கும் என் தொழிலுக்கும் பொதுவான ஒன்று உண்டு: தொடுத்தல். இதே திருவரங்கத்தில் அமுதனார் பாடிய இராமாநுச நூற்றந்தாதியில் 108 பாடல்கள். ஒன்றின் ஈறு அடுத்ததன் முதலாகிறது. சொல்லால் அவர் செய்ததை நாங்கள் நிறத்தால் செய்ய முயல்கிறோம். ஒரு ஷாட் முடிந்து மற்றொன்று தொடங்குமிடத்தில் பார்ப்பவர் கண் இடறலாகாது என்பதே எங்கள் இலக்கணம்.

இடறலுக்குக் காரணம் வெளிச்சம். ஒரு கல்யாண மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். ஓமத்தீயின் ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின். ஹாலஜன் விளக்கு 3,200. வாசலில் பகல் வெயில் 5,600. பந்தல் நிழல் அதற்கும் மேல். எண் ஏற ஏற ஒளி நீலம் பாரிக்கும்; இறங்க இறங்கச் செம்மஞ்சளாகும். நம் கண் இவற்றையெல்லாம் தானே சரிசெய்துகொண்டு வெள்ளை வேட்டியை வெள்ளையாகவே காண்கிறது. காமிராவுக்கு அந்தக் கருணை கிடையாது. இரு காமிராக்களை இருவேறு விதமாக அமைத்துவிட்டால், மணமகள் ஒரு ஷாட்டில் மஞ்சளாகவும் மறு ஷாட்டில் நீலமாகவும் அமர்ந்திருப்பாள்.

படச்சுருள் காலத்தில் ஜெமினி, பிரசாத் முதலிய சென்னை லேப்களில், பிரதி எடுக்கும்போதே சிவப்பு, பச்சை, நீல ஒளிகளை ஒவ்வொன்றும் ஐம்பது படிகளுக்குள் கூட்டியும் குறைத்தும் இதைச் செய்தார்கள். இன்று டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளின் இலவசப் பதிப்பை வைத்துக்கொண்டு தில்லைநகரில் ஒரு சிற்றறையிலேயே செய்துவிடலாம்.

கண்ணை நம்பாதே என்பது இதில் முதற்பாடம். மூன்று மணிநேரம் மஞ்சளைப் பார்த்த கண்ணுக்கு மஞ்சளே வெண்மை! ஆகையால் திரையின் ஓரத்தில் இரண்டு வரைபடங்களை வைத்துக்கொள்கிறோம். வேவ்ஃபார்ம் என்பது ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும்; இருளையும் வெளிச்சத்தையும் முதலில் அதில் சமன் செய்ய வேண்டும். வெக்டர்ஸ்கோப் ஒரு வட்டம். மையத்திலிருந்து விலகும் தூரம் நிறத்தின் செறிவு, விலகும் திசை இன்ன நிறம் என்பது. அவ்வட்டத்தில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ஒரு கோடு உண்டு. எந்நாட்டு மனிதரின் தோலும், வெளுத்ததாயினும் கறுத்ததாயினும், சரியான ஒளியமைப்பில் அக்கோட்டையொட்டியே விழும். வேறுபாடெல்லாம் ஒளியின் அளவிலும் செறிவிலுந்தான். இதை முதன்முதல் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இனித்தான் சிக்கல். இரண்டை ஒப்பாக்க வேண்டுமெனில், எது எதற்கு ஒப்பாவது? ஒரு பொத்தானை அழுத்தினால் மென்பொருளே ஒப்பாக்கித் தரும். ஆனால் அளவுகோலாக ஒரு ஷாட்டை நாம்தான் காட்ட வேண்டும். அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 1950களில் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ‘ஷெர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர். கறுத்த முகங்கள் அந்தப் படச்சுருளில் விவரமிழந்து போயின. சாக்லேட் விற்பவர்களும் மரச்சாமான் விற்பவர்களும் தங்கள் பழுப்பு சரியாக விழவில்லை என்று முறையிட்டதும் பின்னாளில் சுருள் திருந்தியதற்கு ஒரு காரணம் என்பார்கள். மனித முகங்களுக்குக் கிடைக்காத மரியாதை மேசை நாற்காலிக்குக் கிடைத்தது!

நம் அளவுகோல் மட்டும் என்ன? “பொண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக் காட்டுங்க தம்பி” என்று கேட்காத வீடு அரிது. அரங்கனின் கரிய மேனியை ஆழ்வார்கள் பாடித் தீராத ஊர் இது. வெளுப்பாக்கிய மணமகளின் முகத்தை அளவுகோலாகக் கொண்டால், அவளோடு ஒப்பாவதற்காக எல்லா ஷாட்டும் ஏற வேண்டும். வேட்டியின் சரிகைக் கரை கரைந்துவிடும். குத்துவிளக்கின் சுடர் வெறும் வெள்ளைப் பொத்தலாகும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முகச்சுருக்கங்கள் மறையும். அந்தப் பாட்டி நடமாடிய படம் உலகில் அது ஒன்றே என்றிருக்கும் வீடுகள் எத்தனை!

ஆகவே வாசலில் பகல் வெளிச்சத்தில் குடும்பம் முழுதும் நிற்கும் ஷாட்டை முதலில் சீர்செய்து, மற்றவற்றை அதற்கே ஒப்பாக்குகிறேன். வெளுப்புக் கேட்பவர்களுக்கு இரண்டு விதமாகவும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டுவதுண்டு. பாட்டி வரும் இடத்தில் சிலர் மனம் மாறுகிறார்கள். மாறாதவர்களுக்குக் கேட்டபடி செய்து கொடுத்து, மற்றதையும் தனியாக ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்புகிறேன்.