தண்டியடிகள் பற்றிய கயிறு



திருவாரூர்த் தண்டியடிகள் நாயனார் வரலாற்றை நீங்கள் பலகாலும் கேட்டிருப்பீர்கள். அவர் புறக்கண் ஒளியில்லாதவர். திருக்கோயிலின் மேற்பால் இருந்த குளம் தூர்ந்து இடங்குறைந்ததை அறிந்து உளம் நொந்தார். குளத்தினுள் ஒரு தறி, கரைமேல் ஒரு தறி நட்டு, இடையே கயிறு கட்டினார். அதைத் தடவி இறங்குவார். கூடையில் மண்ணெடுத்து, அதையே தடவி ஏறுவார். கண்டோர் எள்ளினர். சேக்கிழார் பெருமான் காட்டும் இக்காட்சியை இன்று வேறொரு காரணம் பற்றி நினைவூட்டுகின்றோம்.

சென்ற ஆண்டுத் திருவிழாவில் எம் பெயரன் கோயிலுக்கு வர மறுத்தான். வயது பதினைந்து, பருத்த உடம்பு. "சட்டையைக் கழற்றச் சொல்வார்களே தாத்தா, எல்லாரும் பார்ப்பார்கள்" என்றான். அச்சொல் எம் நெஞ்சில் தைத்தது. பந்தியில் அவன் இலையைக் காட்டி நகையாடியவர்களுள் யாமும் ஒருவர் அல்லவா? உடம்பினுள் இறைவன் உறைகின்றான் என்னும் திருமூலர் கொள்கையை ஊரூராக விரித்துரைத்த நாவுதான் அது!

அன்றே நகையாடலை விட்டோம். மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். வளரும் பிள்ளையைப் பட்டினி போடலாகாது, மெல்ல நடக்கத் தொடங்கட்டும் என்றார் அவர். கயிறு கட்டாமல் குளத்தில் இறங்கு என்றால் எவ்வாறு இறங்குவான்? ஆகவே விடியலில் யாமும் உடன் நடந்தோம்.

பிராகாரத்தில் அன்று. வலம்வருதல் நிறைசூலி நடப்பதுபோல் மெல்ல அமைய வேண்டும் என்பது ஆன்றோர் மரபு. விரைந்த நடைக்கு வெளிவீதியே உரியது. முதல் வாரம் பத்தே நிமிடம். பேசிக்கொண்டே நடக்க இயலும் வேகம் போதும். பேச்சுத் தடைப்பட்டால் வேகத்தைக் குறைத்தோம். வாரந்தோறும் சில நிமிடம் கூட்டினோம். ஒரு திங்கள் சென்றபின், திண்ணையில் அமர்ந்து கையூன்றாமல் எழுதல், சுவரில் கைவைத்துத் தள்ளுதல் ஆகியவற்றை ஒருநாள் விட்டு ஒருநாள் எட்டெட்டு முறை சேர்த்தோம். 5 முதல் 17 வயதினர்க்கு நாள்தோறும் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறி. முதல்நாளே அதைச் சொல்லியிருந்தால் பிள்ளை போர்வையைத் தலைக்கு மேல் இழுத்திருப்பான்!

ஒன்றை மட்டும் வற்புறுத்துவோம். இடுப்பிலோ முழங்காலிலோ வலி கண்டு பிள்ளை நொண்டினால், சோம்பல் என்று ஏசற்க. பருத்த உடம்புடைய இளையோர்க்கு இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலைப்பகுதி நழுவுவது உண்டு. உடனே நடையை நிறுத்தி, அன்றே மருத்துவரைக் காணுதல் வேண்டும். மார்புவலி, மயக்கம் நேரினும் அவ்வாறே.

நாள்தோறும் எடை பார்க்கச் சொல்லவில்லை. அடைமழையில் நான்கு நாள் நடை நின்றது. யாமும் சற்று மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்? ஐந்தாம் நாள் அவனே எம் கைத்தடியை எடுத்துக்கொண்டு வாயிலில் வந்து நின்றான்.

இவ்வாண்டு கொடியேற்றத்துக்கு வந்தான். சட்டையைக் கழற்றினான், ஆயினும் துண்டால் மார்பைப் போர்த்தியே நின்றான். மேலாடையை இடையிற் கட்டுவதே சந்நிதி முறை என்பதை அறிவோம். அன்று யாமும் எம் மேலாடையைப் போர்த்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றோம்.