நிலவறையில் பிறந்த ஆல்பம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான், ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசினால் நீங்க தூங்கிடுவீங்க. அதனால் ஒரு ராக் ஆல்பத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். பயப்படாதீங்க, பாட மாட்டேன்!

ஹாஸ்டலில் பக்கத்து அறை சீனியர் ராத்திரி ஆனால் போடும் பாட்டு 'மோர் தேன் எ ஃபீலிங்'. 'பாஸ்டன்' என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு. 1976 ஆகஸ்டில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கும் 'பாஸ்டன்' என்றே பெயர். அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்குச் சான்றிதழ் பெற்ற ஆல்பம் அது.

குழுவை உருவாக்கிய டாம் ஷோல்ஸ் யார் தெரியுமா? நம்ம ஆளு! எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படித்து, போலராய்டு கம்பெனியில் பொறியாளராக இருந்தவர். பகலில் வேலை. மற்ற நேரமெல்லாம் வாட்டர்டவுன் ஊரில் வீட்டு நிலவறையில் டேப்பும் கையுமாக இருப்பார். ஒரு கிடாரைப் பதிவு செய்வார், அதன்மேல் இன்னொரு கிடார், பிறகு பேஸ், ஆர்கன். பல கம்பெனிகள் அவரைத் திருப்பி அனுப்பின. கடைசியில் ஒப்புக்கொண்ட எபிக் கம்பெனியும், 'முறையான ஸ்டூடியோவில் பதிவு செய்' என்றது. தயாரிப்பாளர் ஜான் பாய்லன் என்ன செய்தார்? மற்றவர்களை லாஸ் ஏஞ்சலஸுக்கு அழைத்துப்போய், வேலை அங்கே நடப்பதுபோல் காட்டினார். ஷோல்ஸ் நிலவறையிலேயே பெரும்பகுதியை முடித்தார்!

குழுவில் ஐந்து பேர். ஷோல்ஸ், பாரி கூட்ரோ, ஃப்ரான் ஷீஹன், டிரம்ஸ் வாசித்த சிப் ஹாஷியன், பாடகர் பிராட் டெல்ப். கோரஸ் மாதிரிக் கேட்கும் குரல்கள்கூட டெல்ப் தன் குரலின்மேலேயே அடுக்கியவை. ஆனால் நான் சொல்ல வந்தது ஆறாவது ஆளைப் பற்றி. அவர் ஜிம் மஸ்டியா. ஆரம்பகால டேப்புகளில் டிரம்ஸ் வாசித்தவர். ஆல்பம் வரும்போது குழுவில் அவர் இல்லை. இருந்தும் 'ராக் அண்ட் ரோல் பேண்ட்' என்ற ஒரு பாட்டில் ஒலிப்பது அவருடைய டிரம்ஸ். அதை மறைக்காமல் ஆல்பத்தில் அவர் பெயரையும் போட்டார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் நாலு பேருடையது. ஆனால் மோட்டார் கன்ட்ரோல் சர்க்யூட்டை முதலில் ஓடவைத்தவன் ஐந்தாவது ஒருவன். அரியர் இருந்ததால் அவனால் எங்கள் குழுவில் சேர முடியவில்லை. அவன் செய்த போர்டைப் பார்த்து அப்படியே இன்னொன்று செய்தோம். பரிசும் வாங்கினோம். ரிப்போர்ட்டின் நன்றிப் பக்கத்தில் துறைத்தலைவர் முதல் ஜெராக்ஸ் கடை அண்ணன்வரை எல்லோரும் உண்டு. அவன் பெயர் இல்லை. அந்தப் பக்கத்தை டைப் அடித்தவன் நான்தான்.

தம்பி, தங்கைகளே, திறமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது?

அவன் இன்று வந்திருக்கிறான். வழக்கம்போல கடைசி வரிசை. டேய், அந்த சர்க்யூட் உன்னுடையதுடா! எழுந்திரு, எல்லோரும் உன்னைப் பார்க்கட்டும்.