குளிமுறித் தரை



இன்று குளிமுறித் தரையைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். போன மழைக்காலத்தில் என் அம்மா அங்கேதான் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

நாங்கள் நெய்யாற்றின்கரையில் வாடகைக்கு இருக்கிறோம். குளிமுறியில் பச்சை டைல்ஸ். அதன் மேல் செங்காவிக் கறை. பார்க்கவே அருவருப்பு. அது அழுக்கு அல்ல. பாறசாலைப் பக்கமும் நம் பக்கமும் வெட்டுக்கல் பூமி. பல கிணறுகளில் இரும்புச் சத்து உண்டு. காற்றுப் பட்டதும் அது துருவாகிப் படிகிறது. பளபளப்பான டைல்ஸ் என்றால் எலுமிச்சம் பழத்தால் தேய்த்து உடனே கழுவலாம். மொசைக்கில், சிமெண்டில் வேண்டாம். புளிப்பு சிமெண்டை அரிக்கும். ஆசிட் இன்னும் மோசம். ஆசிடோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது. குளோரின் என்ற நச்சுக் காற்று கிளம்பும். சிறிய குளிமுறியில் அது ஆளையே கொல்லும்.

அம்மா விழுந்தது கறையால் அல்ல. தேங்கிய தண்ணீரால். உங்கள் வீட்டிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஓடைக்குப் போகாமல் நின்றால் சரிவு தப்பு. அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் அழகு வரும், வழுக்கல் போகாது. தரை உயர்ந்து, தண்ணீர் அறைக்குள் வரவும் கூடும்.

சரி, செலவு யாருடையது? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவு ஒன்று சொல்கிறது. வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதுவேலை இருக்கலாம். அறிவித்த பிறகும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும்.

எங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். மலையாளத்தில் இருந்தது. கீழே அம்மாவின் கைநாட்டு. அன்று அவருக்கு எழுத்து தெரியாது. ‘சிறு பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு’ என்று ஒரு வரி. அதை யாரும் எங்களுக்கு வாசித்துச் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆனாலும் கடிதம் எழுதினோம்.

‘ஐயா, குளிமுறித் தரையில் தண்ணீர் தேங்குகிறது. ஓடைப் பக்கம் சரிவு சரி செய்ய வேண்டும். வந்து பாருங்கள்.’

தேதி போட்டோம். ஒரு நகல் வைத்துக்கொண்டோம். அம்மா இடது கையால் கையெழுத்துப் போட்டார். வலது கையில்தான் கட்டு இருந்ததே!

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். பாதிச் செலவு தருகிறேன் என்றார். அதையும் எழுதி வாங்கினோம். கொத்தனார் ஓடையைச் சுற்றி மட்டும் உடைத்து, சரிவு வைத்து, சொரசொரப்பான டைல்ஸ் பதித்தார். ஒரு நாள் வேலை.

இப்போது தண்ணீர் நிற்பதில்லை. மற்ற இடத்தில் அதே பச்சை டைல்ஸ்தான். அம்மாவுக்கு அது இன்னும் பிடிக்கவில்லை.