மறைக்காமல் சொல்ல ஒரு மருத்துவர்

இன்று நான் பேசப்போவது மலத்தைப் பற்றியும் அதில் வரும் ரத்தத்தைப் பற்றியும். சொல்லக் கூசுகிற விஷயம் என்பதாலேயே பல வீடுகளில் இந்த நோய் வருடக்கணக்கில் மறைந்து கிடக்கிறது. அதனால் வெளிப்படையாகவே பேசுகிறேன்.

எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கோலைடிஸ். பெருங்குடலின் உட்புறம் அழன்று புண்ணாகும் நோய் இது. ஆசனவாயை ஒட்டிய மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். இதற்குப் பங்காளி நோய் ஒன்று உண்டு, கிரோன்ஸ் என்று பெயர். 1932-இல் நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் கிரோனும் இன்னும் இரண்டு மருத்துவர்களும் அதை விவரித்து எழுதினார்கள். அது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். இரண்டுமே ஒட்டுவாரொட்டி நோய்கள் அல்ல. சில காலம் அடங்கியிருக்கும், பிறகு கிளம்பும். அடியோடு ஒழிக்கும் மருந்து கிடையாது, அடக்கி வைக்கும் மருந்துகள் இருக்கின்றன. மேல்நாட்டுக்காரர்களின் நோய் என்று இதை ஒதுக்கிய காலமும் இருந்தது. லூதியானா தயானந்த் மருத்துவக் கல்லூரியினர் பஞ்சாபில் கணக்கெடுத்து 2003-இல் வெளியிட்டபோது, லட்சம் பேரில் ஏறத்தாழ 44 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ் இருப்பது தெரிந்தது.

ஆயுள் முழுக்கக் கூட வரும் நோய் என்றால், மருத்துவரும் வருடக்கணக்கில் கூட வர வேண்டியவர். ஆகவே அவர் எப்படிப்பட்டவர் என்பது மருந்தைப் போலவே முக்கியமாகிவிடுகிறது.

நம் ஊரில் மலத்தில் ரத்தம் என்றதும் முதலில் வாயில் வரும் பெயர் மூலம். களிம்பு தடவிச் சில மாதம் போகும். பிறகு அமீபா என்று சொல்லி மெட்ரோனிடசோல் மாத்திரை. அதற்கும் நிற்காதபோதுதான் ஸ்கோப், அதாவது குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண் இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. குடல் காசநோயும் கிரோன்ஸும் அங்கே ஒன்றுபோலவே தெரியும். சதை எடுத்துப் பரிசோதித்தாலும் பல நேரம் பிடிபடாது. காசநோயைக் கிரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் உடம்பெங்கும் பரவக்கூடும். அதனால் முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்து, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கோப் போட்டுப் பார்ப்பது நம் நாட்டில் வழக்கம். இந்தக் கட்டத்தில் "எனக்கு இன்னும் உறுதியாகவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்கிற மருத்துவரைக் கண்டு பயந்து ஓடிவிடாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் துணிவதுதான் திறந்த மனத்துக்கு முதல் அடையாளம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பால் குடித்தால் எனக்கு அதிகமாகிறது என்று ஒரு மருத்துவரிடம் சொன்னேன். ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். அதற்குப் பிறகு அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. வேறொரு மருத்துவர், வயதான அம்மா, அதே பேச்சைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். "காபியில் கலக்கிற பாலா, தம்ளர் நிறையக் குடிக்கிற பாலா? மோர் ஒத்துக்கொள்கிறதா?" என்று விசாரித்தார். "வாயுவும் வயிற்றுப்போக்கும் பாலால் கூடலாம். ரத்தம் வருவது புண்ணால். பாலைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது" என்றார். என் அனுபவத்தையும் அவர் தள்ளவில்லை, தன் படிப்பையும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் தேடியது அப்படி ஒருவரைத்தான்.

திட்டு வாங்கப் பயந்தால் நோயாளி மறைப்பார். இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. ரத்தம் நின்றதும், நோயை அடக்கி வைக்கும் மெசலமின் மருந்தைத் தாமாகவே நிறுத்தியவர்கள் உண்டு. உறவினர் சொன்ன பெயரில்லாப் பொடியைச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றைச் சோதித்தபோது ஸ்டீராய்டும் கன உலோகங்களும் அகப்பட்டிருக்கின்றன. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. அந்த மாத்திரை அடங்கிய குடல்நோயைக் கிளப்பிவிடக்கூடியது. இவை எதுவும் தெரியாத மருத்துவர், தான் கொடுத்த மருந்து தோற்றுவிட்டது என்று முடிவு கட்டி அடுத்த படி மருந்துக்குப் போகிறார். அது விலையும் கூட, பக்கவிளைவும் கூட.

இன்னும் கூச்சமான விஷயங்கள் இருக்கின்றன. சல்ஃபாசலசின் என்ற பழைய, மலிவான, நல்ல மருந்து ஆண்களின் விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும். நிறுத்தினால் சில மாதத்தில் சரியாகிவிடும். அந்த மாத்திரை சாப்பிடும் மாப்பிள்ளை குழந்தையில்லை என்று போகும் இடத்தில், குடல்நோயை வெளியே சொல்லாமல் இருந்தால் என்னாகும்? பழி வந்து விழுவது பெரும்பாலும் அவர் மனைவி மேல்தான். கல்யாணம் பேசுகிற வீட்டில், பெண்ணின் நோயை மறைப்பதற்காகத் தாயே அவள் மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் உண்டு. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரித்தால் பெரும்பாலோருக்கு நல்லபடியாகவே பிள்ளை பிறக்கும். இதை அந்தப் பெண்ணிடம் நிதானமாகச் சொல்ல, துணைக்கு வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லும் மருத்துவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

திறந்த மனம் என்றால் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது என்று அர்த்தமில்லை. பார்க்கலாம், அளந்து பார்க்கலாம் என்பதுதான் அதன் பொருள். மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் இஸ்ரேல் மருத்துவர்கள் முன்னின்று வெளியிட்ட ஆய்வில், மெசலமின் மட்டும் போதாதவர்களுக்கு அதோடு மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருளைத் தினம் 3 கிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் பாதிப் பேருக்கு மேல் நோய் அடங்கியது. மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களில் ஒருவருக்கும் அடங்கவில்லை. ஆனால் மொத்தம் 50 பேர்தான். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்குதான், சாம்பாரில் போடும் மஞ்சள் அந்த அளவுக்கு எட்டாது. இந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொல்கிறவரே நல்ல மருத்துவர். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமானவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களை நோயாளியின் குடலில் செலுத்தி, கூடவே உணவையும் மாற்றி நோயை அடக்கிக் காட்டினார்கள். நம் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பழைய சோற்றையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிற மருத்துவர் தம் துறையில் நடப்பதையே கவனிக்கவில்லை. ஒரே மண்டலத்தில் வேரோடு எடுத்துவிடுகிறேன், இங்கிலீஷ் மருந்தையெல்லாம் தூக்கிப் போடு என்கிறவரோ அதைவிட மூடிய மனத்துக்காரர்.

மருத்துவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1984-இல் வெளியான ஆய்வொன்றில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். 2017-இல் பல நாடுகளை ஒப்பிட்டபோது, ஒரு நோயாளியைப் பார்க்கும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 விநாடி. நம் அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசையைப் பார்த்தவர்களுக்கு நாம் இதில் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நூறு பேர் வெளியே நிற்கும்போது யாராலும் கதை கேட்க முடியாது. அதனால் ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை முறை போகிறது, ரத்தம் உண்டா, ராத்திரி எழுப்புகிறதா, எடை குறைந்ததா, என்னென்ன சாப்பிடுகிறீர்கள், கஷாயம் உட்பட. கடைசியில் ஒரே ஒரு கேள்வி. அந்தத் தாளை அவர் கையில் வாங்கிப் படிக்கிறாரா என்று பாருங்கள். அதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

தேடுவதற்கும் நேரம் காலம் உண்டு. ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ படபடப்போ இருந்தால், அன்று நல்ல மருத்துவர் யார் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நோய் தொடங்கி எட்டு வருடம் ஆனவர்கள், உடம்பு நன்றாக இருந்தாலும், புற்றுநோய் வராமல் கண்காணிக்க ஸ்கோப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை உங்கள் மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

அடுத்த முறை டோக்கன் போட்டுக் காத்திருக்கும்போது, இதுவரை மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போங்கள். கோபித்துக்கொண்டால் வேறு மருத்துவரைப் பாருங்கள். ஆனால் ரிப்போர்ட்டுகளையும் சிகிச்சைக் குறிப்புகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவற்றைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.