பெண்களின் சிறுநீர்க் கசிவு: சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும்



பெண்களின் சிறுநீர்க் கசிவையும் அதற்கான தாங்குபட்டிச் சத்திரசிகிச்சையையும் ஆராயும் இந்த அரங்குக்குத் தலைமை தாங்கும் பொறுப்பை எனக்குத் தந்தமைக்கு நன்றி. இந்த விடயத்தை யாழ்ப்பாணத் தீவுப் பகுதியிலுள்ள சரவணையில் வைத்துப் பேசுவது மிகப் பொருத்தம். உவர்நீர்க் கிணறுகள் நிறைந்த இந்தத் தீவுகளில் குடிநீருக்காகக் குடம் சுமந்தவர்கள் பெண்கள். பிள்ளைகளைப் பெற்று, தோட்டத்திலும் வீட்டிலும் பாரம் தூக்கியவர்களும் அவர்களே. “இருமினால் சலம் போகுது” என்று தங்களுக்குள்ளே மெல்லச் சொல்வார்கள். வைத்தியரிடம் சொல்ல வெட்கப்படுவார்கள். கோவிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போவதைக் குறைப்பார்கள். பஸ் ஏறுமுன் தண்ணீர் குடியாமல் இருப்பார்கள். பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று பொறுத்துக்கொள்வார்கள். பொறுக்கத் தேவையில்லை, இதற்குச் சிகிச்சை உண்டு என்று அவர்களுக்கு உரக்கச் சொல்லவே கூடியிருக்கிறோம்.

உங்கள் முன் நான் வைப்பது ஒரே கருத்து. தாங்குபட்டிச் சத்திரசிகிச்சையின் தரத்தைச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் மட்டும் அளக்கக்கூடாது. அதற்கு முன் நடக்கும் விசாரிப்பும் அதற்குப் பின் ஆண்டுக்கணக்கில் தொடரும் கவனிப்பும் அந்தத் தரத்தின் பகுதிகளே.

கர்ப்பம், பிரசவம், மாதவிடாய் நின்றபின் வரும் திசு மெலிவு, நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், உடற்பருமன் ஆகியவை இடுப்புத் தளத் தசைகளைத் தளர்த்துகின்றன. இருமும்போதும் தும்மும்போதும் வயிற்றினுள் அழுத்தம் உயர, சிறுநீர்வழி மூடியிருக்க முடியாமல் போகிறது; இதுவே அழுத்தக் கசிவு. தாங்குபட்டி, பிள்ளையை ஏணை தாங்குவதுபோல, சிறுநீர்வழியைக் கீழிருந்து தாங்குகிறது.

இந்த எண்ணம் நூறாண்டுக்கும் பழையது. 1910 இல் ஜேர்மனியில் கோபெல் வயிற்றுத் தசையைக் கொண்டு இதை முயன்றார். 1942 இல் அமெரிக்காவில் ஆல்ட்ரிஜ் வயிற்றுச் சுவரின் தசையுறையிலிருந்து பட்டி எடுத்தார். 1978 இல் மக்குவயரும் லிட்டனும் அந்த முறையை மீண்டும் நிலைநிறுத்தினர். 1996 இல் சுவீடனின் உல்ம்ஸ்டன், அவுஸ்திரேலியாவின் பெட்ரோசுடன் வகுத்த கோட்பாட்டின் அடிப்படையில், ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அகலமான பொலிபுறொப்பிலீன் வலைப்பட்டியை இறுக்காமல் இடும் முறையை வெளியிட்டார். அவ்விடத்தை மட்டும் மரக்கச்செய்து, மேசையிலேயே இருமச் சொல்லிப் பட்டியைச் சரிபார்க்க முடிந்தது. வெட்டு சிறியது, வீடு திரும்புவது விரைவு. சில ஆண்டுகளில் இம்முறை உலகெங்கும் பரவியது.

பரவிய வேகத்துக்கு ஏற்பக் கண்காணிப்பு வளரவில்லை. வலை திசுவை அரித்து வெளியே வருதல், நீங்காத வலி, தாம்பத்திய உறவில் வேதனை என்று பெண்கள் முறையிட்டார்கள். பலருடைய சொல் நெடுங்காலம் கேட்கப்படவில்லை. இங்கிலாந்தில் 2018 யூலையில் வலைப்பட்டிச் சத்திரசிகிச்சை இடைநிறுத்தப்பட்டது. இதுபற்றி அங்கே கம்பர்லெஜ் அம்மையார் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2020 இல் வந்தது. 2023 இல் நியூசிலாந்தும் இடைநிறுத்தியது. இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்திருக்க வேண்டும்: 2019 இல் அமெரிக்கா விற்பனையை நிறுத்தியது கருப்பை, சிறுநீர்ப்பை இறக்கத்துக்காக யோனிவழி இடும் வலையையே. கசிவுக்கான பட்டி அங்கே இன்றும் பயனில் உள்ளது. பெரும்பாலான பெண்களுக்கு நல்ல பலனும் தருகிறது. ஆனால் ஒரு முறை இட்ட வலையை முழுமையாக எடுப்பது மிகக் கடினம். இதை முன்கூட்டியே சொல்லாமல் பெறும் கையொப்பம் சம்மதம் ஆகாது.

உடலின் சொந்தத் தசையுறையால் செய்யும் பட்டியை நாம் மறந்துவிடக்கூடாது. அமெரிக்காவில் 655 பெண்களிடம் நடந்து 2007 இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் அழுத்தக் கசிவுக்கு இந்தப் பட்டி 66 வீதம் வெற்றி தந்தது. பட்டியின்றி யோனிச் சுவரைத் தைத்து உயர்த்தும் பேர்ச் முறை 49 வீதம் தந்தது. பட்டி இட்டவர்களில் சிறுநீர்த் தொற்றும் சிறுநீர் கழிப்பதில் சிரமமும் கூட இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெட்டு பெரிது, தேறுவதற்கு நாள் எடுக்கும். ஆயினும் விலைகொடுத்து வாங்கும் வலை வேண்டியதில்லை. அந்நியப் பொருள் உடலில் தங்குவதுமில்லை. இளம் சத்திரசிகிச்சையாளர்கள் இந்தக் கைத்திறனைக் கட்டாயம் பயில வேண்டும்.

எனினும் கத்தி முதற்படியன்று. மேற்பார்வையுடன் குறைந்தது மூன்று மாதம் இடுப்புத் தளத் தசைப் பயிற்சி செய்தபின்பே சத்திரசிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும். அவசர உந்துதலால் வரும் கசிவு வேறு. அதற்குப் பட்டி மருந்தன்று. இந்த வேறுபாட்டைக் கண்டறியச் செலவில்லாத வழி, பொறுமையாகக் கேட்பது. வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரும், 1996 முதல் இலங்கையில் நடைபெறும் சுகவனிதையர் சிகிச்சை நிலையமும் எப்போது கசிகிறது என்ற கேள்வியைத் தவறாமல் கேட்கட்டும்.

பின்கவனிப்பைத் தீவின் கண்ணால் பாருங்கள். பட்டி இட்டபின் சிலருக்குச் சிறுநீர் அடைபடலாம். நெடுந்தீவுப் பெண்ணுக்கு அது இரவில் நேர்ந்தால், குறிகட்டுவானுக்கு ஒரு மணிநேரக் கடற்பயணம். அதன்பின் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம். ஆகவே சிறுநீர் கழித்தபின் சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளக்காமல் எவரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் உள்ள வைத்தியசாலைகளுக்கு அவளுடைய சத்திரசிகிச்சை விவரம் கிடைத்திருக்க வேண்டும். எந்தப் பட்டி, எந்த நாள், யார் இட்டது என்பது பதிவேட்டிலும் அவளுடைய கையிலும் தமிழில் இருக்க வேண்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மகப்பேற்று நூலையும் இரணவைத்திய நூலையும் தமிழில் தந்தார். அந்த மரபில் வந்த நமக்கு, தமிழில் தெளிவான சம்மதப் படிவம் எழுதுவது இயலாத காரியமன்று.

இன்றைய அமர்வுகள் மூன்று வேலைகளை முடித்துத் தரவேண்டும் என்று கேட்கிறேன்: கிராமத்தில் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல், தமிழ்ச் சம்மதப் படிவம், பட்டி இட்ட ஒவ்வொரு பெண்ணையும் தொடரும் பதிவேட்டின் வரைவு. கூச்சத்தை ஒதுக்கி இங்கே வந்திருக்கும் தாய்மார் முதலில் பேசட்டும். நிபுணர்கள் அதன்பின் பேசலாம். இந்த ஆய்வரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.